முதலாம் இராசேந்திர சோழன்

முதலாம் இராசேந்திர சோழன் (ஆட்சிக்காலம்: கி.பி. 1012–1044) சோழப் பேரரசின் புகழ்பெற்ற மன்னர்களுள் ஒருவன். முதலாம் இராசராச சோழனுக்குப் பின் அரியணை ஏறிய இவன், தெற்கே ஈழம் முதல் வடக்கே கங்கைக் கரை வரையிலும், கடல் கடந்து கடாரம் வரையிலும் படை செலுத்தியவன். முடிகொண்ட சோழன், கங்கைகொண்ட சோழன், கடாரங்கொண்டான், பண்டித சோழன் ஆகியன இவனுடைய சிறப்புப் பெயர்களுள் சில. தஞ்சாவூரிலிருந்து தலைநகரை மாற்றிக் கங்கைகொண்டசோழபுரம் என்னும் புதிய நகரை இவன் நிறுவினான். இந்நகரின் எச்சங்கள் தற்போதைய அரியலூர் மாவட்டத்தின் உடையார்பாளையம் வட்டத்தில் உள்ளன. ஏரி, அரண்மனை, கோயில், மதில், பெருவழி ஆகியவற்றுக்குத் தனித்தனியே இடம் வகுத்து எழுப்பப்பட்ட நகரம் என்பதால், தமிழகத்தின் நகரமைப்பு வரலாற்றிலும் இராசேந்திரன் முக்கிய இடம் பெறுகிறான்.

பிறப்பும் இளமையும்

இராசேந்திரன் முதலாம் இராசராசனுக்கும் அவனுடைய அரசியருள் ஒருவரான வானவன் மாதேவிக்கும் பிறந்தவன். இவன் பிறந்தது ஆடித் திங்கள் திருவாதிரை நாள் என்பது திருவாரூர்க் கல்வெட்டால் அறியப்படுகிறது. இளவரசனாக இருந்தபோதே தந்தையின் போர்களில் படைத்தலைமை ஏற்றான். 1012ஆம் ஆண்டில் இராசராசன் இவனைத் தன்னுடன் இணைத்து ஆட்சிப் பொறுப்பை அளித்தான். 1014இல் தந்தை மறைந்தபின் முழு ஆட்சியும் இவன் கைக்கு வந்தது. 1018இல் தன் மகன் இராசாதிராசனுக்கு இளவரசுப் பட்டம் சூட்டித் தன்னுடன் ஆட்சியில் இணைத்துக் கொண்டான்.

போர்கள்

ஈழப் படையெடுப்பில் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டான். பாண்டியர் ஈழத்தில் அடைக்கலமாக வைத்திருந்த முடியும் சோழர் வசமாயிற்று. பாண்டிய, சேர நாடுகள் அடக்கப்பட்டபின், மேலைச் சாளுக்கியன் இரண்டாம் சயசிம்மனுடன் 1021ஆம் ஆண்டளவில் முசங்கியில் போர் நிகழ்ந்தது. 1023ஆம் ஆண்டளவில் சோழப் படைத்தலைவன் ஒருவன் கலிங்கம் வழியாக வங்கம் வரை சென்று, பாலர் குல மன்னன் மகிபாலன் உள்ளிட்டோரை வென்று கங்கை நீருடன் திரும்பினான். மன்னன் கோதாவரிக் கரையில் அவனை எதிர்கொண்டான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. 1025இல் சீவிசயப் பேரரசின் மீது கடற்படை அனுப்பப்பட்டுக் கடாரம் முதலிய துறைமுகங்கள் தாக்கப்பட்டன.

இப்போர்களால் கிடைத்த செல்வமும் புகழும் புதிய தலைநகரின் ஆக்கத்துக்குப் பின்னணியாக அமைந்தன. நகரின் பெயரே வடநாட்டு வெற்றியை நினைவூட்டுவதாகும்.

நிலக்கணக்கும் பொது வெளிகளும்

இராசேந்திரன் தன் தந்தையிடமிருந்து பெற்ற பேரரசில் நிலம் அளந்து கணக்கிடும் முறை நன்கு வளர்ந்திருந்தது. இராசராசன் காலத்தில் நிகழ்ந்த நில அளவையில் ஊர்களின் பரப்பு வேலியிலும் அதன் மிகச் சிறிய பின்னங்களிலும் குறிக்கப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், ஒவ்வோர் ஊரின் மொத்தப் பரப்பைக் கூறி, அதிலிருந்து வரி விதிக்கப்படாத நிலங்களைக் கழித்து, எஞ்சியதற்கே காணிக்கடன் குறிக்கின்றன. அவ்வாறு கழிக்கப்பட்டவற்றுள் குடியிருப்பு நிலமாகிய ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியன அடங்கும்.

சோழர் காலக் கொடை ஆவணங்களில் ஊரின் எல்லைக்குள் அடங்கும் நிலவகைகள் பட்டியலாகத் தரப்படுவது வழக்கம். மக்கள் கூடும் பொது இடமாகிய மன்று, கன்றுகாலிகள் மேயும் தரிசாகிய கன்றுமேய்பாழ், குளம், கேணி, ஓடை, காடு, புற்று எனப் பயிரிடப்படாத வெளிகளும் தனித்தனிப் பெயருடன் அவற்றில் இடம்பெறும். பிற்கால வருவாய்த்துறைக் கணக்குகளில் வழங்கும் நத்தம், மேய்ச்சல் புறம்போக்கு, நீர்நிலைப் புறம்போக்கு, மயானம் போன்ற பாகுபாடுகள் இவற்றோடு ஒப்பிடத்தக்கவை.

இப்பாகுபாடு ஊரின் பொது வெளிகளுக்கு ஒரு காப்பாக இருந்தது. குளமும் மேய்ச்சல் வெளியும் வரிக்கணக்கில் சேராதவை என எழுதப்பட்டதால், அவற்றை உழுது வருவாய் காட்டவேண்டிய கட்டாயம் ஊருக்கு இல்லை. அதே பாகுபாடு சாதி வேறுபாட்டை நிலத்தின் மீது வரைந்ததும் உண்மை. யார் ஊர்நத்தத்தில் வாழ்வது, யார் சேரியில் வாழ்வது என்பதும் இதே கணக்கில் எழுதப்பட்டது. சில கல்வெட்டுகளில் சுடுகாடும்கூடத் தனித்தனியே குறிக்கப்படுகிறது.

பொது வெளிகளைப் பராமரிக்கும் பொறுப்பு ஊரவை, சபை, நகரம் ஆகிய உள்ளூர் அமைப்புகளிடம் இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை விளக்குகின்றன. ஏரியில் தூர் வாருதல், கரை காத்தல், நந்தவனம் வளர்த்தல் ஆகியன இத்தகைய வாரியங்களின் பணிகளாகும். இராசேந்திரன் காலத்திலும் சபைகள் தொடர்ந்து இயங்கின.

ஊர்க்கொடைகளும் நிலப்பயன் விதிகளும்

இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்த செய்தியைக் கூறுவது திருவாலங்காட்டுச் செப்பேடு. 1905இல் கண்டெடுக்கப்பட்ட இத்தொகுதி 31 ஏடுகளைக் கொண்டது. கொடையளித்த ஊரின் எல்லையைப் பெண் யானையை நடத்திச் சுற்றிவந்து உறுதி செய்ததும், எல்லையில் கல்லும் கள்ளியும் நட்டதும் இதில் விரிவாகச் சொல்லப்படுகின்றன. நாட்டார் முன்னிலையில் ஊரைச் சுற்றி நடந்து எல்லை காட்டும் இம்முறையால், அண்டை ஊரினர் அனைவரும் எல்லைக்குச் சாட்சியாயினர்.

எல்லைக்குள் எவை செய்யலாம், எவை கூடாது என்பதற்கும் இச்செப்பேட்டில் விதிகள் உண்டு. சுட்ட செங்கல்லால் மாடமாளிகைகள் கட்டலாம், கிணறுகள் தோண்டலாம், தென்னந்தோப்பு வைக்கலாம், மரு, தமனகம், செண்பகம், செங்கழுநீர் முதலியன பயிரிடலாம், பெரிய செக்குகள் நிறுவலாம். தென்னை, பனைகளில் ஈழவர் ஏறுவது விலக்கப்பட்டது. கட்டடப் பொருள், மரம், நீர், தொழில் ஆகிய நான்கையும் ஓர் ஊரின் எல்லைக்குள் முறைப்படுத்தும் இவ்விதிகள் ஒரு வகை நிலப்பயன் ஒழுங்காகும். சுட்ட செங்கல்லால் மாளிகை எழுப்புதல் போன்றவை எல்லா ஊரினர்க்கும் இயல்பாகக் கிடைத்த உரிமைகள் அல்ல. அரசன் தனியே அளித்தால்தான் அவை கிடைத்தன.

இராசேந்திரனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கரந்தைச் செப்பேடுகள், ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களை ஒன்றிணைத்துத் திரிபுவன மாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தணர்க்கு அளித்ததைக் கூறுகின்றன. சோழர் கால ஊர்க்கொடை ஆவணங்கள் சிலவற்றில், முன்பு நிலம் வைத்திருந்தோரையும் ஊரின் பழம்பெயரையும் நீக்கியதாகவும் செய்தி வருகிறது. ஓர் ஊரின் நிலத்தை மறுபடி வகுப்பது அங்கு முன்பு வாழ்ந்தோரைப் பெரிதும் பாதித்தது என்பதை இவை காட்டுகின்றன.

புதிய தலைநகரம்

இடம்

தஞ்சாவூர் காவிரிப் படுகையின் நெல்வயல்களுக்கு நடுவே அமைந்த நகரம். இராசேந்திரன் தெரிந்தெடுத்த இடமோ கொள்ளிடத்துக்கு வடக்கே, செம்மண் பாங்கான மேட்டுநிலத்தில் உள்ளது. தெற்கே கொள்ளிடமும் வடக்கே வெள்ளாறும் அரணாக அமைய, தொண்டை நாட்டுக்கும் வடநாட்டுக்கும் செல்லும் வழியில் இருப்பது இவ்விடத்தின் சிறப்பு. வளம் மிக்க படுகை நிலத்தைக் கட்டடங்களுக்கு எடுத்துக்கொள்ளாமல் பெருநகரம் ஒன்றை அமைக்க இவ்விடம் வாய்ப்பளித்தது. ஆனால் ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டில் நகரம் வாழ வேண்டுமானால் முதலில் நீருக்கு வழி காண வேண்டியிருந்தது.

சோழகங்கம்

நகருக்கு மேற்கே வடக்கு–தெற்காக நீண்ட கரையுடன் மாபெரும் ஏரி ஒன்று வெட்டப்பட்டது. இதற்குச் சோழகங்கம் என்று பெயர். கங்கை வெற்றியின் நினைவாக நீராலேயே நாட்டப்பட்ட வெற்றித்தூண் என இதனைத் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி போற்றுகிறது. வெற்றியின் சின்னமாகக் கல்தூண் நாட்டுவது அரசர்களின் வழக்கமாயிருக்க, இராசேந்திரனின் சின்னம் ஊருக்குப் பயன்படும் நீர்நிலையாக அமைந்தது. இவ்வேரி பிற்காலத்தில் பொன்னேரி என வழங்கலாயிற்று.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளிவந்த ஆங்கிலேயர் கால விவரச் சுவடி ஒன்று, ஏரிக்கரையின் நீளம் 16 மைல் எனவும், கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் நீளமான கால்வாய் ஒன்று ஏரியின் தென்முனையில் வந்து சேர்ந்தது எனவும், வெள்ளாற்றிலிருந்து சிறிய கால்வாய் ஒன்று வடக்கே சேர்ந்தது எனவும் குறிப்பிடுகிறது. மேட்டுநிலத்தில் மழைநீரை மட்டும் நம்பியிராமல் இரண்டு ஆறுகளின் நீரையும் ஒரே கொள்ளிடத்தில் தேக்கும் ஏற்பாடு இது. ஏரியின் நீர்பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு நிலம் என்றைக்கும் கட்டடம் எழாத வெளியாக ஒதுக்கப்பட்டது என்பதும் இதன் பொருளாகும்.

நகர அமைப்பு

நகரின் நடுவில் அரண்மனை இருந்தது. அவ்விடம் இப்போது மாளிகைமேடு எனப்படுகிறது. அதன் வடகிழக்கே, ஈசானிய மூலையில், சிவன் கோயில் எழுப்பப்பட்டது. அரண்மனையை நடுவில் வைத்துச் சிவன் கோயிலை வடகிழக்கில் அமைப்பது மயமதம், மானசாரம் போன்ற சிற்ப நூல்களின் நெறியோடு ஒத்திருப்பதைத் தொல்லியலாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

கங்கைகொண்டசோழபுரக் கல்வெட்டுகளில் சோழ கேரளன் திருமாளிகை, முடிகொண்ட சோழன் திருமாளிகை, கங்கைகொண்ட சோழன் மாளிகை ஆகிய பெயர்கள் காணப்படுகின்றன. மதில்களுள் இராசேந்திர சோழன் மதில், உட்படைவீட்டு மதில் என்பன குறிப்பிடப்படுகின்றன. திருவாசல்களும் வேம்புகுடி வாசலும், இராசராசன் பெருவழி, இராசேந்திரன் பெருவழி, விளாங்குடையான் பெருவழி, குலையானை போன பெருவழி ஆகிய சாலைகளும் பெயருடன் அறியப்படுகின்றன. மதுராந்தக வடவாறு என்ற கால்வாயும் கல்வெட்டில் இடம்பெறுகிறது. பெருவழிகளுக்குத் தனிப் பெயர் இருந்தது, அவற்றின் இடமும் எல்லையும் ஆவணங்களில் அடையாளமாகக் கொள்ளப்பட்டன என்பதைக் காட்டுகிறது.

சுற்றியுள்ள சிற்றூர்களின் பெயர்களிலும் பழைய நகரின் நிலப்பயன் தெரிகிறது. உட்கோட்டை, மாளிகைமேடு ஆகியன அரண்மனைப் பகுதியையும், ஆயுதக்களம் படைக்கலம் வைத்த இடத்தையும், மெய்க்காவல்புத்தூர் மன்னனின் மெய்க்காவலர் குடியிருப்பையும், சுண்ணாம்புக்குழி கட்டுமானத்துக்குச் சுண்ணாம்பு ஆக்கிய இடத்தையும் நினைவூட்டுகின்றன. கட்டடங்கள் மறைந்த பின்னும் எந்த வேலை எங்கு நடந்தது என்பதை இப்பெயர்களைக் கொண்டு ஓரளவு அறிய முடிகிறது.

கோயிலும் அதன் வெளியும்

கங்கைகொண்ட சோழீசுவரம் தஞ்சைப் பெரிய கோயிலை அடியொற்றியது. விமானத்தின் உயரம் சுமார் 55 மீட்டர். தஞ்சை விமானத்தை விடச் சற்றுக் குறைவு. தஞ்சை விமானத்தின் நேர்கோடுகளுக்கு மாறாக, இங்கு விமானம் உட்குழிந்த வளைவுடன் மேலெழுகிறது. கோயிலின் சுற்று வெளி சுமார் 170 மீட்டர் நீளமும் 98 மீட்டர் அகலமும் உடையது. இவ்வளவு பரந்த திருமுற்றம் இருப்பதாலேயே விமானத்தின் முழு வளைவையும் ஒரே பார்வையில் காண இயலுகிறது. வழிபாட்டுக்கு மட்டுமன்றி மக்கள் திரளும் விழாக்களுக்கும் இவ்வெளி பயன்பட்டது. 1987இல் கிடைத்த எசாலம் செப்பேடுகளும் இராசேந்திரன் இக்கோயிலை எழுப்பியதைக் குறிப்பிடுகின்றன.

இறுதிக் காலம்

ஆட்சியின் பிற்பகுதியில் பாண்டிய நாட்டிலும் ஈழத்திலும் எழுந்த கிளர்ச்சிகளை அடக்கும் பொறுப்பை இராசேந்திரனின் மக்கள் ஏற்றனர். இராசேந்திரன் 1044இல் தற்போதைய திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள பிரமதேசத்தில் காலமானான். அவனுடைய அரசி வீரமாதேவி உடன் தீப்புகுந்தாள். அவள் நினைவாக அவளுடைய உடன்பிறந்தான் மதுராந்தக வேளான் அவ்வூரில் தண்ணீர்ப் பந்தல் அமைக்க நிவந்தம் அளித்தான் என்பதை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. இராசேந்திரனுக்குப் பின் அவன் மக்கள் இராசாதிராசன், இரண்டாம் இராசேந்திரன், வீரராசேந்திரன் ஆகியோர் அடுத்தடுத்து ஆண்டனர்.

நகரத்தின் அழிவு

கங்கைகொண்டசோழபுரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழரின் தலைநகராக விளங்கியது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியரிடம் சோழர் வீழ்ந்தபின் நகரம் சிறப்பிழந்தது. அரண்மனை சுட்ட செங்கல்லால் கட்டப்பட்டது. அதன் தூண்கள் கருங்கல் அடித்தளத்தின் மீது நிறுத்தப்பட்ட மரத்தூண்கள். கூரை சிறிய தட்டையான ஓடுகளால் வேயப்பட்டது. மரம் மறைந்தபின் எஞ்சிய செங்கற்களைச் சுற்றுவட்டாரத்தினர் நெடுங்காலம் தோண்டியெடுத்து வீடு கட்டப் பயன்படுத்தினர். ஏரியின் கரை உடைந்து பெரும்பகுதி தூர்ந்தது. படையெடுத்து வந்த சேனை ஒன்று கரையை அழித்தது என்பது உள்ளூர் வழக்கு.

1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டபோது, கோயிலின் சுற்றுமதில் இடிக்கப்பட்டு அதன் கற்கள் கொண்டுசெல்லப்பட்டன. ஊர் மக்கள் இதைத் தடுக்க முயன்று தண்டிக்கப்பட்டனர் என்றும், கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தரப்படும் என்ற உறுதிமொழி நிறைவேற்றப்படவில்லை என்றும் மேற்சொன்ன விவரச் சுவடி பதிவு செய்துள்ளது. பல ஊர்களின் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட அணைக்கு, நீர்ப்பாசனத்தால் புகழ்பெற்ற ஒரு நகரின் மதில் பலியானது. கோயிலின் எல்லை எதுவென்று மக்கள் அறிந்திருந்தனர். அதைக் காக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கவில்லை.

இன்றைய நிலை

கங்கைகொண்டசோழபுரம் அமைந்த பகுதி நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. 1995இல் பெரம்பலூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று.

2004இல் இக்கோயில், தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் ஆகியவற்றுடன் அழியாத சோழர் பெருங்கோயில்கள் என்ற தொகுதியில் யுனெசுக்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டின் நினைவுச்சின்னங்கள் சட்டத்தில் 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, நடுவண் அரசால் பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். பழைய மதிலுக்கு வெளியே சட்டத்தால் அமைந்த புதிய திறந்தவெளி எல்லை என இதனைக் கொள்ளலாம். எனினும் பழைய நகரம் கோயிலைச் சுற்றிய 300 மீட்டருக்குள் அடங்குவதன்று. அரண்மனையிருந்த மாளிகைமேடு கோயிலுக்குத் தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மதில்களின் தடங்களும் பெருவழிகளும் வயல்களுக்கும் வீடுகளுக்கும் அடியில் பரவிக் கிடக்கின்றன.

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980களில் மாளிகைமேட்டில் அகழாய்வு நடத்தியது. 2021 முதல் மீண்டும் நடந்த அகழாய்வுகளில் செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் பிற பொருள்களும் வெளிப்பட்டன. இராசேந்திரன் முடிசூடிய ஆயிரமாவது ஆண்டு விழா 2014இல் கங்கைகொண்டசோழபுரத்தில் கொண்டாடப்பட்டது. ஆடித் திருவாதிரை நாளை அரசு விழாவாகக் கொண்டாடும் அறிவிப்பைத் தமிழ்நாடு அரசு 2021இல் வெளியிட்டது. சோழகங்கம் ஏரியைத் தூர்வாரிக் கரைகளைச் சீரமைக்கும் திட்டம் 2025இல் அறிவிக்கப்பட்டது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட நகரில், மன்னன் வாழ்ந்த மாளிகை மண்மேடாகிவிட்டது. மக்கள் பயன்பாட்டுக்கென விடப்பட்ட ஏரியும் கோயில் முற்றமும் சுருங்கியும் சிதைந்தும் இன்றளவும் நிற்கின்றன. அவற்றின் எல்லையைக் காக்கும் பொறுப்பு இப்போது தொல்லியல் துறைக்கும் நீர்வளத்துறைக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் உரியதாக உள்ளது.